காலணி நகரின் கால்பந்து: ஏறும் வழியும் நிலைக்கும் வழியும்

பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பரந்து கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்திலிருந்து, 1996-இல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக்கிலோ, அதன் இடத்துக்கு 2007-இல் வந்த ஐ-லீக்கிலோ, 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கிலோ (ஐ.எஸ்.எல்.) இதுவரை ஒரு கிளப்கூட ஆடியதில்லை. பல நாடுகளின் கடைவீதிகளுக்குக் காலணி தைத்து அனுப்பும் இந்த வட்டாரம் இந்தியக் கால்பந்தின் வரைபடத்தில் இடம்பெறாமல் போனதற்கு ஆற்றல் குறைவு காரணமன்று. சிறு ஊரின் கிளப் ஒன்று ஆடி வென்று படிப்படியாக மேலே செல்வதற்கான ஏணி இந்தியாவில் நெடுங்காலம் முழுமை பெறாமல் இருந்ததும், தமிழ்நாட்டில் அந்த ஏணியின் கால் சென்னையிலேயே ஊன்றியிருந்ததுமே முதற்காரணங்கள்.

அந்த ஏணியின் அமைப்பு இப்போதுதான் ஓரளவு தெளிவு பெற்றிருக்கிறது. உச்சியில் ஐ.எஸ்.எல்., அதன் கீழே ஐ-லீக், அதன் கீழே ஐ-லீக் 2, 2023-24 பருவத்தில் புதிதாகச் சேர்ந்த ஐ-லீக் 3, அதற்கும் கீழே மாநிலங்களின் லீக்குகள் என அப்பருவத்தில் ஐந்து படிகள் அமைய, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஐந்தாம் படியின் இடத்தைச் சென்னை கால்பந்து சங்கத்தின் சீனியர் டிவிஷன் வகித்துவந்திருக்கிறது. கீழ்ப்பிரிவில் முதலிடம் பெறும் அணி மேல்பிரிவுக்குச் செல்வதும் மேல்பிரிவில் கடைசியில் நிற்கும் அணி கீழே இறங்குவதுமான முறை, ஐ.எஸ்.எல். வாசலில் பல ஆண்டுகள் நின்றுவிட்டது. அங்கே இடம் என்பது ஏலமும் அழைப்பும் தீர்மானித்த ஒன்றாக இருந்தது. 2022-23 ஐ-லீக் சாம்பியனான பஞ்சாப் அணியும், அடுத்த ஆண்டு சாம்பியனான முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஆடி வென்ற தகுதியால் ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது. இங்கிலாந்தில் இதே கதவு 1987-இல்தான் தானாகத் திறக்கும் கதவாக மாறியது. அதற்கு முன் ஐந்தாம் படியின் சாம்பியன்கூட மேலே இருக்கும் கிளப்புகளின் வாக்கை நம்பியே காத்திருக்க வேண்டியிருந்தது. அழைப்பின் பேரில் மேல்தட்டு அமையும்போது சிறிய தொழில் நகரங்கள் எளிதில் விடுபட்டுப் போகும் என்பதற்கு ஜெர்மனியின் காலணி நகரமான பிர்மாசென்ஸ் சான்று: 1958 முதல் 1960 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தென்மேற்கு வட்டார லீக்கின் சாம்பியனாக இருந்த அந்த ஊரின் அணி, 1963-இல் புண்டஸ்லீகா தொடங்கியபோது சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

படிப்படியாக ஏறுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பாதி பதனிட்ட தோலைக் கப்பலேற்றுவதே ஒரு காலத்தில் இங்கே தொழிலாக இருந்தது. 1972-இல் சீதாராமய்யா குழு அளித்த பரிந்துரைகளைத் தொடர்ந்து அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தபின், முழுமையாகப் பதனிட்ட தோல், பிறகு ‘அப்பர்’ எனப்படும் காலணியின் மேற்பாகம், அதன் பிறகு முழுக் காலணி என ஒவ்வொரு நிலையாக அந்தத் தொழில் உயர்ந்தது. இன்று ஆம்பூரின் ஷூ கம்பெனி ஒன்றில் நுழைந்தால், கட்டிங் பகுதியில் தோலின் தழும்பும் சுருக்கமும் விலக்கி அச்சுவெட்டியை வைக்கும் கைகளையும், தையல் வரிசையில் குனிந்திருக்கும் பெண்களையும், ‘லாஸ்ட்’ என்னும் பாத அச்சின்மீது அப்பரை இழுத்துப் பொருத்தும் பொறிகளையும் அடுத்தடுத்துக் காணலாம். இவற்றில் ஒரு கட்டத்தை அவசரப்படுத்தினாலும் காலணி கடைசிச் சோதனையில் கழிக்கப்படும் என்பது அங்கே வேலை செய்யும் எவருக்கும் தெரிந்த செய்தி. கால்பந்துக் கிளப்புக்கும் இதே விதி பொருந்தும் என்பதை, வேறொரு நாட்டின் காலணி வட்டாரம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயர் அந்நாட்டின் ஆம்பூர் எனத் தகும். அதன் தலைநகர அணியான நார்த்தாம்டன் டவுனுக்குச் செருப்புத் தைப்பவர்கள் என்று பொருள்படும் ‘காப்ளர்ஸ்’ என்பதே பட்டப்பெயர். அந்த மாவட்டத்தில் ரஷ்டன், இர்த்லிங்பரோ என்னும் அண்டை ஊர்களில் தனித்தனியே இயங்கிய இரு சிறு கிளப்புகளை, டாக்டர் மார்டன்ஸ் காலணி நிறுவனத்தின் உரிமையாளர் மேக்ஸ் கிரிக்ஸ் 1992-இல் ஒன்றிணைத்து ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ் என்ற புதிய கிளப்பை உருவாக்கினார். இரண்டு ஊர்களின் மக்களையும் கூட்டினால் 2011 கணக்கெடுப்பில் ஆம்பூர் நகராட்சியில் இருந்த ஏறத்தாழ 1.14 லட்சம் பேரில் பாதிகூட வராது. இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கும் அதன் கீழுள்ள மூன்று பிரிவுகளும் சேர்ந்து 92 கிளப்புகள் மட்டுமே ‘லீக்’ என எண்ணப்படுகின்றன. ஐந்தாம் படியும் அதற்குக் கீழே கிளைவிட்டுச் செல்லும் பிரிவுகளும் லீக்குக்கு வெளியே உள்ளவை என்ற பொருளில் ‘நான்-லீக்’ என்று அழைக்கப்படுகின்றன. ரஷ்டன் கிளப் ஏழாம் படியில் தொடங்கியது.

அதன் ஏற்றம் வியப்பூட்டுவது. 1994-இலும் 1996-இலும் தன் பிரிவுகளில் முதலிடம் பெற்று ஐந்தாம் படியை எட்டிய அணி, 1999 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் பிரீமியர் லீக் அணியான லீட்ஸ் யுனைடெட்டைத் தன் சொந்த அரங்கமான நீன் பார்க்கில் கோலின்றிச் சமன்செய்தது. மறு ஆட்டத்தில் 3-1 எனத் தோற்றாலும் அதற்குள் அந்த ஊரின் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. 2001-இல் ஐந்தாம் பிரிவின் சாம்பியனாகி லீக்குக்குள் நுழைந்த கிளப், 2003-இல் நான்காம் பிரிவையும் வென்று மூன்றாம் படிக்கு உயர்ந்தது. பதினோரு ஆண்டுகளில் நான்கு படிகள். பிரையன் டால்பாட்டின் பயிற்சியும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொள்ளும் அரங்கமும், கீழ்ப்பிரிவு அணிகள் நினைத்துப் பார்க்க முடியாத வசதிகளும் அந்த உயர்வைத் தாங்கின. அவை அனைத்தும் ஒரே காலணி நிறுவனத்தின் வருவாயில் நின்றன.

அதே 2003-ஆம் ஆண்டில் டாக்டர் மார்டன்ஸ் தன் உற்பத்தியின் பெரும்பகுதியை ஆசியாவுக்கு மாற்றியது. இங்கிலாந்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலை இழந்தனர். அதன்பின் கிளப்பின் இறக்கம் ஏற்றத்தைவிட விரைவாக நிகழ்ந்தது. மூன்றாம் படியில் ஒரே பருவம் ஆடிவிட்டு 2004-இல் கீழிறங்கிய அணியை, 2005-இல் கிரிக்ஸ் ரசிகர்களின் அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்தார். பெரும் அரங்கத்தைப் பராமரிக்கும் செலவும், சிறிய ஊர் தரக்கூடிய வருவாயும் ஒன்றுக்கொன்று பொருந்தாத நிலையில், 2006-இல் கிளப் லீக்கைவிட்டே வெளியேறியது. 2011-இல் நிதிநிலை காரணமாக ஐந்தாம் பிரிவிலிருந்தும் நீக்கப்பட்டுக் கலைக்கப்பட்டது. கிரிக்ஸின் பற்றில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவர் கட்டியது தன் நிறுவனத்தின் உச்சகாலத்துக்கு அளவெடுத்துத் தைத்த கிளப். ஊரின் காலுக்கு அது பெரிதாக இருந்தது.

இங்கிலாந்திலேயே கையுறைத் தொழிலுக்குப் பேர்போன யோவில் நகரின், ‘குளோவர்ஸ்’ என்று அழைக்கப்படும் அணி இதற்கு மாறான எடுத்துக்காட்டு. 2003-இல் ஐந்தாம் பிரிவில் 95 புள்ளிகள் குவித்து லீக்குக்குள் நுழைந்து, 2005-இல் நான்காம் பிரிவை வென்று, 2013-இல் இரண்டாம் படி வரை சென்ற அந்த அணி, அதன்பின் சரிந்து 2019-இல் மீண்டும் லீக்கைவிட்டு வெளியேறியது. 2023-இல் ஆறாம் படிக்கே இறங்கி, அடுத்த ஆண்டே ஐந்தாம் படிக்குத் திரும்பியது. ஆனால் அது சாகவில்லை. ரஷ்டன் சென்ற உயரத்தைவிட ஒரு படி கூடுதலாக ஏறி, அதைவிட அதிகப் படிகள் விழுந்த பின்னும் யோவில் இன்று ஆடிக்கொண்டிருக்கிறது என்பதே இந்த ஒப்பீட்டின் சாரம்.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான பாடம் உண்டு. 1946-இல் நேதாஜி என்ற பெயரில் தோன்றிய சென்னை சிட்டி கிளப், 2016 டிசம்பரில் கீழ்ப்படிகளை ஏறாமல் நேரடி அனுமதி பெற்று ஐ-லீக்கில் இடம்பிடித்தது. சென்னையில் அரங்கம் வாய்க்காத நிலையில் கோவைக்கு இடம்பெயர்ந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில், பின்னால் சுருங்கி நிற்காமல் பந்தைத் தன்வசம் வைத்துத் தாக்கி ஆடிய அந்த அணியின் 2018-19 பருவம் தமிழ்நாட்டுக் கிளப் கால்பந்தின் உயர்ந்த தருணங்களில் ஒன்று. 2019 மார்ச் 9 அன்று கோவையில் நடந்த கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோல் அடித்துவிட, ஈஸ்ட் பெங்காலும் மற்றோர் ஊரில் பட்டத்துக்காக ஆடிக்கொண்டிருந்த பதற்றத்துக்கிடையே, இரண்டாம் பாதியில் உருகுவே முன்கள வீரர் பெத்ரோ மான்ஸி பெனால்டியில் சமன்செய்ய, தற்காப்பு வீரரான கௌரவ் போரா அடித்த இரண்டு கோல்கள் 3-1 என ஆட்டத்தை முடித்தன. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே புள்ளி கூடுதலாகப் பெற்று பட்டம் கிடைத்தது. மான்ஸி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்திருந்தார். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கும் அளவுக்கு நம்பிக்கை பிறந்திருந்தது. ஆனால் 2021-22 ஐ-லீக்கில் அந்தக் கிளப்பின் பெயரே இல்லை. களத்தில் கிடைத்த வெற்றியைத் தாங்கும் அடித்தளம் களத்துக்கு வெளியே அமையாவிட்டால், பட்டத்துக்கும் மறைவுக்கும் நடுவில் மூன்று ஆண்டுகள்கூட மிஞ்சுவதில்லை.

தொழில் நிறுவனங்கள் நேரடியாக நடத்திய அணிகளின் வரலாறும் இதையே உரைக்கிறது. முதல் தேசிய லீக்கை வென்ற பக்வாராவின் ஜே.சி.டி. ஆலை அணி 2011-இல் கலைக்கப்பட்டது. மகிந்திரா யுனைடெட் அதற்கு ஓராண்டு முன்பே மூடப்பட்டது. ஆலையின் கணக்குப் புத்தகத்தில் கால்பந்து ஒரு செலவு வரி மட்டுமே. நெருக்கடி வரும்போது முதலில் அடிக்கப்படுவதும் அந்த வரிதான். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா 50 சதவீதத் தீர்வை விதித்தபோது ஆம்பூரின் ஏற்றுமதியாளர்கள் அடைந்த கலக்கத்தை நினைவுகூர்ந்தால், ஒரே முதலாளியின் தோளில் ஒரு கிளப்பை ஏற்றுவது இந்த வட்டாரத்தில் எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

மாற்று வழியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரி 1919 முதல் இயங்கிவருகிறது. மேல்விஷாரத்தில் தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீமின் பெயர் தாங்கிய கல்லூரி 1965 முதல் நடந்துவருகிறது. இவற்றை நடத்துவோர் தனிமனிதர்கள் அல்லர்; கல்விச் சங்கங்களே நடத்துகின்றன. நன்கொடை அளித்த குடும்பங்களில் சில செழித்தும் சில நொடித்தும் போன இந்த நூற்றாண்டில் வகுப்பறைகள் மட்டும் மூடப்படவில்லை. இன்னொரு முன்மாதிரி கசப்பான சூழலில் பிறந்தது. பாலாற்றைத் தோல் கழிவுநீர் பாழாக்கியதால் எழுந்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்த அந்தப் பத்தாண்டில், சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிட்ட தோல் ஆலைகள் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தக் கூட்டு நிறுவனங்களாகச் சேர்ந்தன. அந்த நிலையங்களின் செயல்பாட்டில் குறைகள் பல இருந்தன, ஆற்றுக்குப் பட்ட கடனும் இன்னும் தீரவில்லை. ஆயினும் போட்டியாளர்கள் ஒரு பொதுச் செலவைப் பங்கிட்டுக்கொள்ள இயலும் என்பதை இந்த வட்டாரம் செய்து காட்டியிருக்கிறது. கட்டாயத்தின் பேரில் கழிவுநீருக்காகக் கூடியவர்கள், விரும்பி ஒரு மைதானத்துக்காகக் கூட முடியாதா என்பது நியாயமான கேள்வி.

நடைமுறைத் தடைகள் சிறியவை அல்ல. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரிலும், பேரணாம்பட்டு வேலூரிலும், மேல்விஷாரம் ராணிப்பேட்டையிலும் அமைந்துவிட்டதால், ஒரே தொழிலும் ஒரே வாழ்க்கையும் கொண்ட ஊர்கள் விளையாட்டு நிர்வாகத்தில் மூன்று கூறாகியிருக்கின்றன. சென்னை லீக்கில் ஆட விரும்பும் ஆம்பூர் அணி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் பயணிக்க வேண்டும். மேல்படிகளில் கிளப் உரிமம் என்பது விளையாட்டு வளர்ச்சி, கட்டமைப்பு, பணியாளர், சட்டம், நிதி என்னும் ஐந்து நிலைகளில் சோதிக்கப்படும் தகுதிச் சான்று; களத்தில் வீரர்கள் பெறும் வெற்றி மட்டும் இதற்குப் போதாது. எனவே மூன்று மாவட்டங்களின் கிளப்புகளும் சேர்ந்தாடும் ஒரு பாலாறு வட்டார லீக்கைத் தமிழ்நாடு கால்பந்து சங்கம் ஏற்று, அதன் சாம்பியனுக்கு மாநில அளவில் இடமளிப்பதே முதற்படியாக இருக்க வேண்டும்.

பெண்கள் கால்பந்தில் இதைவிடக் குறுகிய பாதை இருக்கிறது. மதுரையின் சேது எஃப்.சி. 2016-இல் தொடங்கி, 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் சாம்பியனானது. ஆண்கள் அணி ஒன்று மூன்றே ஆண்டுகளில் அப்படி உயர்வது அரிது. ஷூ கம்பெனிகளின் உழைப்பாளர்களில் பெரும்பான்மையினர் பெண்கள் என்ற நிலையில், அவர்களின் மகள்களுக்கு ஒரு பயிற்சிக் களம் அமைப்பதே இந்த வட்டாரம் மிகக் குறைந்த செலவில் மிக உயரச் செல்லும் வழி. பிரேசிலின் காலணித் தலைநகரான நோவோ ஹம்புர்கோவின் கிளப் 1911-இல் காலணித் தொழிலாளர்களால் தொடங்கப்பட்டு, 2017-இல் தன் மாநிலத்தின் பெரிய அணியான இன்டர்நாசியோனலை வென்று மாநிலப் பட்டம் பெற்றது. உழைப்பவர்கள் தமதெனக் கருதும் கிளப் நூறாண்டு காத்திருந்தும் வெல்லும்.

ரஷ்டனில் கலைந்த கிளப்பின் இடத்தில் ரசிகர்கள் 2011-இல் புதிய கிளப் ஒன்றைத் தொடங்கினர். லீட்ஸை நிறுத்திவைத்த நீன் பார்க் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரான வெல்லிங்பரோவின் மைதானத்தை இரவல் பெற்றுத்தான் அவர்களின் அணி 2012-இல் கீழ்மட்டப் பிரிவு ஒன்றில் ஆடத் தொடங்கியது. நீன் பார்க் 2017-இல் இடிக்கப்பட்டது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு கிளப் தொடங்கும் நாளில், அதன் தலைவர் யார், புரவலர் யார் என்று விசாரிப்பதற்கு முன், மைதானத்தின் பத்திரம் யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஊர்மக்கள் கேட்க வேண்டும்.