நத்தையும் சாட்டையும்

கேலிச்சித்திரம் கண்டதும் சிரிக்கிறோம். சிரித்ததும் பக்கத்தைப் புரட்டுகிறோம். சிரிப்பவன் கேள்வி கேட்பதில்லை என்பது வரைபவனுக்கு நன்கு தெரியும்!

ஓவியர் சங்கர் 1949ஆம் ஆண்டு தமது வார ஏட்டில் தீட்டிய படம் ஒன்று. அரசியல் சட்டம் என்று பெயர் பொறித்த நத்தை. அதன்மீது சாட்டை ஏந்தி அமர்ந்திருக்கிறார் டாக்டர் அம்பேத்கர். பின்னே, சாட்டையை ஓங்கியபடி பண்டித நேரு. வேடிக்கை பார்க்கிறது கூட்டம். பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்த இப்படத்தால் 2012 மே திங்களில் நாடாளுமன்றத்தில் புயல் எழுந்தது. படத்தை நீக்குவதாக அரசு அறிவித்தது. பாடநூல் ஆலோசகர் இருவர் விலகினர். அவருள் ஒருவரது புனே அலுவலகம் தாக்கப்பட்டது.

நேருவின் சாட்டை யாருக்கு? நத்தைக்கே என்றனர் ஒரு சாரார். அம்பேத்கரும் சாட்டை பிடித்திருப்பதால், வரைந்தவர் நோக்கம் அதுவாகவே இருக்கலாம். ஆனால், முதுகில் சாட்டையடி வாங்கிய பரம்பரையிலே பிறந்தவன் கண்ணுக்கு, உயர்சாதியார் ஒருவர் ஓங்கிய சாட்டையும் அதன்முன் அமர்ந்திருக்கும் அம்பேத்கரும் வேறு கதை சொல்லாவோ? நோக்கம் தூயது என்று கூறி அந்தக் கண்ணைப் பொத்திவிட முடியுமா?

இருசாராரும் சாட்டையையே பார்த்தனர். நான் நத்தையைப் பார்க்கச் சொல்கிறேன், தோழர்களே! பொய் அங்கேதான் ஊர்கிறது. வரைவுக் குழுவினர் எழுவர். ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்க்கோ வேறு அலுவல், தொலைவு, உடல்நலக் குறைவு. சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது. இதைச் சொன்னவர் அவருடைய தொண்டரல்லர். அதே குழுவில் இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1948 நவம்பர் 5 அன்று, அரசியல் நிர்ணய சபையிலேயே! வந்து குவிந்த திருத்தங்களோ 7,635. அவற்றுள் சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. சபை கூடியது முதல் சட்டம் நிறைவேறியது வரை 2 ஆண்டு, 11 மாதம், 18 நாள். ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது ஆண்டு பிடித்ததை அம்பேத்கரே சபையில் எடுத்துக்காட்டினார்.

இவற்றில் ஒன்றேனும் படத்தில் உண்டா? சுமந்தவன் சவாரி செய்பவனாகிவிட்டான். சுமக்காதவர்கள் படத்திலேயே இல்லை! கோட்டில் வராததைத் தேடாதவன் கேலிச்சித்திரத்தைப் படித்தவனாகான்.

படத்தைக் கிழித்தது எனக்கு உடன்பாடன்று. கிருஷ்ணமாச்சாரியின் பேச்சை அதே பக்கத்தில், படத்துக்கு நேர் எதிரே அச்சிட்டிருக்க வேண்டும்.