தலையில் சுற்றிய நூல்

டிசம்பர் 31 இரவு. பாங்காக்கில் சாவோபிராயா ஆற்றங்கரை வாணவேடிக்கைக்காகக் காத்திருக்க, நகரத்துக் கோயில்களிலோ வெள்ளை உடுத்திய கூட்டம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. வருடம் மாறும் வேளையில் கூடி ஓதும் இந்த வழக்கத்துக்குத் தாய்லாந்தில் 'சுவத் மொன் காம் பீ' என்று பெயர்.

கண்ணை இழுப்பது நூல்தான். புத்தர் சிலையிலிருந்து புறப்படும் வெள்ளைப் பருத்தி நூல், பிக்குகளின் கைகளைத் தொட்டு, கூட்டத்தின் தலைக்கு மேல் கட்டம் கட்டமாக ஓடுகிறது. அதிலிருந்து தொங்கும் இழையை ஒவ்வொருவரும் தலையில் சுற்றிக்கொள்கிறார்கள். சுற்றிய பிறகு சட்டென்று திரும்ப முடியாது. பக்கத்தில் இருப்பவரோடு வம்பளப்பதும் கஷ்டம். இலங்கையில் பிரித் எனும் பௌத்த ஓதலில் நூல் கட்டிக்கொண்டவர்களுக்கு இந்த நூல் பழகிய சங்கதி.

ஓதுவது பாலி மொழியில், தாய் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து. புத்தரின் முதல் உபதேசமான தம்மசக்கப்பவத்தன சூத்திரம் நீளமானது. அங்கே பலருடைய குரல் தேய்ந்துபோகும். புத்தரின் குணங்களைப் போற்றும் 'இதிபிசோ' வந்ததும் மண்டபமே நிமிர்ந்துவிடும். அது பலருக்கும் மனப்பாடம். வயதோடு ஒன்று கூட்டி, அத்தனை தடவை அதைச் சொல்பவர்களும் உண்டு. அறுபது வயதுக்காரருக்கு 61.

பழங்கால வழக்கம் என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்தில் ஜனவரி 1 புத்தாண்டானதே 1941இல்தான்; அதற்காக முந்தைய வருடத்தை ஒன்பது மாதத்தோடு முடித்தார்கள். நாடு முழுக்க இந்த ஓதல் பரவியது இந்த நூற்றாண்டில். புத்தாண்டுக் குடியைக் குறைக்க இதை முன்னின்று வளர்த்தவற்றில் ஒன்று தாய் சுகாதார மேம்பாட்டு நிதியம். வேடிக்கை என்னவென்றால், நிதியத்துக்குப் பணம் வருவது மது, புகையிலை வரியின் மேல் போடப்படும் 2 சதவீதக் கூடுதல் வரியிலிருந்து.