கல்குளமும் ஒரு வி-லுக்கப்பும்

எக்செல் போதாதா, ஆர் மொழி எதுக்கு என்று கேட்பவர்களுக்கு. குமரி மாவட்டத்தில் தாலுகா வாரியாக, லட்சம் பேருக்கு எத்தனை காய்ச்சல் என்று கணக்குப் போட்டேன். மக்கள்தொகை 2011 சென்சஸ். அதில் நாலே தாலுகா. பிறகுதான் கல்குளத்திலிருந்து திருவட்டாறும் விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் பிரிந்தன. புதுசு ரெண்டுக்கும் வி-லுக்கப் பிழை காட்டியது, சரி. ஆனால் சுருங்கிய கல்குளத்தின் நோயாளிகளைப் பழைய, பெரிய கல்குளத்தின் ஜனத்தொகையால் ஜம்முனு வகுத்துவிட்டது. காய்ச்சல் பாதியாகக் குறைந்த ஊர் மாதிரி இருந்தது! இதை நம்பி மருந்து ஒதுக்கினால்?

ஆர் மொழியும் இதையேதான் செய்யும். அதுக்கு மட்டும் நம்மூர் எல்லை தெரியுமா என்ன? ஆனால் பிரிந்த தாலுகாவைத் தாய்த் தாலுகாவோடு சேர்த்த வரி ஸ்கிரிப்டில் அப்படியே நிற்கும். அடுத்தவர் படித்து, 'தப்பு வே' என்று சொல்லலாம். எக்செல்லில் கூட்டி ஒட்டிய எண்ணை அடுத்த மாதம் திறந்து பார்த்தால், எதை எதோடு கூட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.