குருதிப்புனலில் இல்லாத சங்கம்

கீழ்வெண்மணிச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1975-இல் வந்தது. 1977-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறையைப் பற்றி நடந்த சண்டை நமக்குத் தெரிந்ததுதான். வர்க்கப் பிரச்னையை ஃப்ராய்டிடம் அடகு வைத்துவிட்டார் என்றது ஒரு சாரார். கலைஞனின் சுதந்திரம் என்றது மறு சாரார். இரு சாராருமே மிராசுதாரின் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை. இந்த விஷயத்தைத் தொட்ட ஆசிரியரின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. நாவலில் சங்கத்தைப் பற்றிய பேச்சு இருக்கிறது, சங்கம் இல்லை.

கீழ்த்தஞ்சையில் பணத்துக்கு எதிர்த்தட்டில் வைக்கக் கூலியாளிடம் இருந்தது எண்ணிக்கை ஒன்றுதான். எண்ணிக்கை தானாகப் பலமாகிவிடாது. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாக நடந்து அதைப் பலமாக்கினார்கள். 1944-இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் மிராசுதார்கள் கைவிட நேர்ந்தது. கம்யூனிஸ்டுகளை முதல் எதிரியாக அறிவித்த ராஜாஜியின் மந்திரிசபையே 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இதன் அர்த்தம் மிராசுதார்களுக்கு நன்றாகவே புரிந்தது. அவர்களும் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தார்கள். கூலித் தகராறோடு, செங்கொடியை இறக்கு என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். 1973-இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. இத்தனை நிலமும், ஒருவருக்குக் காரும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை அதனால் நம்ப முடியவில்லை. செல்வமே சாட்சி சொல்லிவிட்டது.

நாவலிலோ டில்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் பார்க்கிறார்கள், விவாதிக்கிறார்கள், மனம் புழுங்குகிறார்கள். ஊர்க்காரர்கள் கூடி ஒரு முடிவுக்கு வருவதற்கு அங்கே போதிய இடமில்லை.

வங்கியில் எங்கள் சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா வசூலிப்பவன் நான். ரசீதுப் புத்தகத்தோடு மேஜை மேஜையாகப் போனால், "அடுத்த மாசம் சேத்துத் தரேன் சார்" என்பார்கள். ஸ்தாபனம் என்பது பெரும்பாலும் இந்த அலுப்புதான். எனக்கு இதில் போவது ஒரு சாயங்காலம். சேரியில் இதற்கு அடியும் பட்டினியும் விலை. தீயை எழுதுவது சுலபம். இந்த அலுப்பை எழுதுவது கஷ்டம்.

வெண்மணிச் சேரி கொடியை இறக்க மறுத்தது. அந்த மறுப்பு எந்தக் குடிசை வாசலில், எத்தனை ராத்திரிப் பேச்சில், எவ்வளவு பயத்தோடு உருவாயிற்று? நான் தேடிய நாவல் அது. கிடைத்தது நாயுடுவின் நோய்க்குறிப்பு.