கிழமைக்கு எத்தனை தடவை?

நாம் 'ஆணழகன் போட்டி' என்பது இலங்கையில் 'உடற்கட்டழகர் போட்டி'. நம் ஜிம்மில் 'ஒர்க்அவுட் சார்ட்', அங்கே 'ஷெடியூல்'. நம் 'வாரம்', அங்கே 'கிழமை'. சென்னை ராயபுரத்தில் பன்னிரண்டு வருடம் எடை தூக்கிவிட்டு, வேலை மாற்றலில் கொழும்பு வெள்ளவத்தையில் பதினான்கு மாதம் இருந்தேன். வார்த்தைகள் ஒரு வாரத்தில் பழகிவிட்டன. ஷெடியூலை மனம் ஏற்கத்தான் நாளானது.

ராயபுரத்து ஜிம்மில் வாசலை ஒட்டி ஒரு கரும்பலகை. திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் பைசெப்ஸ், வெள்ளி ட்ரைசெப்ஸ், சனி லெக். திங்கள் மாலை பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வரிசை நிற்கும். சனிக்கிழமை ஸ்குவாட் ஸ்டாண்டு பக்கம் ஆளே இருக்காது. செஸ்ட்டுக்கு மட்டும் ஒரே மாலையில் 20 செட் போடுவேன். முதல் செட் 80 கிலோ, 8 தடவை. நான்காவது செட்டில் அதே எடை 5 தடவைதான் ஏறும். இன்க்லைன், டிக்லைன் முடித்து ஃப்ளைக்கு வரும்போது முழங்கை நடுங்கும், டம்பெல் பாதி உயரத்தில் நிற்கும். மறுநாள் சட்டை மாட்டவே வலிக்கும். அந்த வலியைத்தான் வளர்ச்சி என்று நம்பினேன்.

வெள்ளவத்தையில் ஆளுக்கொரு அட்டை, பாலிதீன் உறைக்குள். வங்கியிலும் கடையிலும் வேலை முடித்து வருகிறவர்கள். வாரத்தில் ஆறு நாள் வர அவர்களால் முடியாது. அதனால் நாலே நாள்: இரண்டு நாள் மேலுடம்பு, இரண்டு நாள் கீழுடம்பு. செஸ்ட்டுக்கு ஒரு நாளில் 8 செட்தான். இது என்ன பயிற்சி என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரரான இன்ஸ்ட்ரக்டர் சிரித்தார்: "ஒரு நாள் அடிச்சுப்போட்டு ஒரு கிழமை விட்டா, தசை மற்ற நாளெல்லாம் என்ன செய்யும் அண்ணை?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடுமையான பயிற்சிக்குப் பிறகு தசையில் புரதம் உருவாகும் வேகம் ஒன்றிரண்டு நாள்தான் கூடுதலாக இருக்கிறது. பிறகு பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. ஒரு தசைக்கு வாரம் இருமுறை பயிற்சி கொடுப்பது ஒருமுறையைவிட நல்லது என்று 2016இல் பிராட் ஷோன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். 2019இல் அவர்களே திருத்தம் போல ஒன்றைச் சேர்த்தார்கள்: வாரத்தின் மொத்தச் செட் சமமாக இருந்தால், எத்தனை நாளாகப் பிரிக்கிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. என் அனுபவத்தில் விஷயமே அந்த மொத்தத்தில்தான் இருக்கிறது. ராயபுரத்து 20 செட்டில் கடைசி எட்டு வெறும் களைப்பு. வெள்ளவத்தையில் திங்களன்று தூக்கிய 80 கிலோவை வியாழனன்றும் புதுத் தெம்போடு 8 தடவை தூக்கினேன். பதினாறும் உருப்படியான செட். மூன்று மாதத்தில் அது 90 கிலோ ஆனது.

இதனால் நம் பழக்கம் எல்லாமே தவறு என்று ஆகிவிடாது. தண்டாலும் பஸ்கியும் தினமும் செய்தவர்கள் நம் பழைய தேகப்பயிற்சி சாலைக்காரர்கள். 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற மனோகர் ஐச், நாலடி பதினோரு அங்குல மனிதர், வெள்ளைக்காரர் காலத்துச் சிறையில் கருவி எதுவும் இல்லாமல் உடம்பை வளர்த்தவர். கனமான இரும்பு இல்லாமல் முடியுமா என்பவர்களுக்கு, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒவ்வொரு காலுக்கும் தனித்தனிப் பயிற்சி: சில கால்களுக்கு, ஒருமுறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 30 சதவீதம், சில கால்களுக்கு 80 சதவீதம். இனி முடியாது என்ற நிலை வரை செய்யவைத்தார்கள். பத்து வாரத்தில் தசை ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்திருந்தது. கடைசி இரண்டு மூன்று தடவை எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்பதே கணக்கு. தினசரி தண்டாலை விட்டுவிட்டு வாரம் ஒருநாள் செஸ்ட் என்று நாம் மாறியதுதான் எனக்கு வருத்தம்.

சாப்பாட்டில் நாம் கொடுத்துவைத்தவர்கள். முட்டைக்கு நாமக்கல் நமக்குப் பக்கம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கை 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. என்னோடு பயிற்சி செய்த பையன்கள் டப்பா பவுடர் விலையைப் பார்த்துவிட்டு நெத்தலி, பருப்பு, அவித்த கடலைக்கு மாறியிருந்தார்கள். அங்கே கடலை என்றால் கொண்டைக்கடலை.

இரண்டு கரையிலும் ஒன்றாக இருப்பது ஊசி. ஊக்கமருந்தைத் தடுக்க இலங்கை 2013இலும் இந்தியா 2022இலும் சட்டம் இயற்றின. ஆனாலும் மேடையில் ஜெயித்தவரின் சார்ட்டைக் கேட்டு வாங்குகிற பதினெட்டு வயதுப் பையனுக்கு, அந்தச் சார்ட்டில் எழுதாமல் விட்டது என்ன என்று யாரும் சொல்வதில்லை. மருந்து போட்ட உடம்பு வாரம் ஒருமுறை அடித்தாலும் வளரும். போடாத பையன் அதையே செய்து, வளராமல் சோர்ந்து, கடைசியில் ஊசிக்குப் போகிறான். இதயமும் சிறுநீரகமும் அவனுடையவை. பயிற்சி முறையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது அவனுக்காகத்தான்.

ஊர் திரும்பியதும் வெள்ளவத்தை அட்டையை ராயபுரத்து ஜிம் மாஸ்டரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். "கால் ரெண்டு நாளா?" என்றார். மறுவாரம் கரும்பலகையில் செவ்வாய்க்குக் கீழே, பேக் என்பதை அழிக்காமல், சின்ன எழுத்தில் லெக் என்று சேர்த்திருந்தார்.