முகத்தில் விழுந்த வெட்டு

கொற்கை முத்துக்கு ரோமாபுரி பொன் கொடுத்தது என்பது தூத்துக்குடி மேடைகளில் அலுக்காத வாக்கியம். தவறில்லை, ஆனால் தளர்வானது. கொற்கையில் பாண்டியனுக்காகத் தண்டனைக் கைதிகள் முத்துக் குளித்தார்கள் என்கிறது பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசுகளை உறிஞ்சுகிறது என்று குமுறினார் ரோம எழுத்தாளர் பிளினி. நூல்கள் கடற்கரையைக் காட்டுகின்றன. ரோமக் காசுப் புதையல்களோ பெரும்பாலும் கொங்கு உள்நாட்டைக் காட்டுகின்றன. அங்கே படியூர்ப் பச்சைக்கல் இருந்தது. முத்துக்கு மட்டுமே பெருமை சேர்ப்பவர்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

அந்தக் காசுகளின் சின்னங்களைப் பற்றிய பேச்சிலும் இதே தளர்ச்சி. ரோமப் பேரரசன் டைபீரியஸ் காசின் ஒருபுறம் மாலை சூடிய தலை. மறுபுறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். அச்சிட்டவன் சொல்ல வந்தது அரசும் அமைதியும். நம் ஆய்வாளர்கள் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். வாங்கியவன் என்ன கண்டான் என்பதல்லவா கேள்வி?

1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 பொற்காசுகள் அதற்குச் சாட்சி. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை. பத்தில் ஒன்பதுக்கு மேல், பேரரசன் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு.

தரம் பார்க்க வெட்டினார்கள் என்பது எளிய விளக்கம். பொன்முலாம் பூசிய போலியைப் பிடிக்க வெட்டு உதவும்; ஆனால் அதற்கு விளிம்பு போதும், தலையைத் தேட வேண்டாம். அயலான் முகத்தின் மேல் வெறுப்பு என்பார் சிலர். இது தலையை விளக்குகிறது, மற்றதை விளக்கவில்லை: வெறுத்தவன் உருக்கியிருப்பான். தவிர, இதே நாட்டில் ரோமக் காசைத் துளையிட்டுக் கழுத்தில் அணிந்தவர்களும் உண்டு.

செலாவணியிலிருந்து விலக்கவே வெட்டு என்றார் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில். மூன்றில் முறையும் பொருத்தமும் உள்ளது இதுதான். முகம்தான் காசுக்குப் பிணை. முகத்தை வெட்டினால் பிணை போகும், பொன் நிற்கும். குறையும் உண்டு. வெட்டும் அதிகாரம் யாருடையது? பாண்டியன் தன் சதுரச் செப்புக்காசில் மீனைப் பொறித்தான். இந்த வெட்டிலோ எவன் முத்திரையும் இல்லை. ஹில்லின் விளக்கம் பாதி வழியில் நிற்கிறது.

ஆனாலும் என் தீர்ப்பு அவர் பக்கமே. ரோமச் சின்னம் இங்கே மதிக்கப்படவுமில்லை, பழிக்கப்படவுமில்லை. எடைக்கு முன்னால் தள்ளுபடியானது.