அவளுக்கு மட்டும் தெரியாது

‘மூலான் ரூஜ்’ படம் 2001இல் வெளிவந்ததிலிருந்து அதைப் பற்றி நடந்துவரும் சண்டை பெரும்பாலும் கண்களைப் பற்றியது. முதல் இருபது நிமிடங்களிலேயே தலை சுற்றி எழுந்து போனவர்கள் ஒரு பக்கம். அந்த இருபது நிமிடங்களுக்காகவே திரும்பத் திரும்பப் போனவர்கள் இன்னொரு பக்கம். அந்த ஆண்டு கான் திரைவிழாவின் தொடக்கப் படம் அதுதான். அடுத்த ஆண்டு எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. கிடைத்தவை இரண்டு: கலை இயக்கம், ஆடை வடிவமைப்பு. இரண்டுமே கண்ணுக்கான விருதுகள். இயக்குநர் பாஸ் லூர்மனின் பெயர் இயக்குநர்களுக்கான பட்டியலிலேயே இல்லை. வெறுத்தவர்கள் ‘ரொம்ப அதிகம்’ என்றார்கள். விரும்பியவர்கள் சொன்னதும் அதே இரண்டு சொற்களைத்தான்.

எனக்கு அந்த ‘அதிகம்’ பிடிக்கும். தேர்த்திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பழகிய கண்களுக்குச் சிவப்புக்கு மேல் சிவப்பு ஒன்றும் குற்றமில்லை. அடக்கமான வண்ணம், அடக்கமான நடிப்பு, அடக்கமான துக்கம் என்று ரசனைக்கு யாரோ வகுத்த ஒழுக்கவிதிகளைப் பெண்கள் கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஆகவே ஜிகினா என்ற காரணத்துக்காக இந்தப் படத்தை நான் குறைசொல்லப் போவதில்லை.

நான் பேச நினைப்பது கண்ணீரைப் பற்றி. கண்ணைப் பற்றி அவ்வளவு சண்டை போட்டவர்கள், கடைசிக் காட்சியில் அழுததைப் பற்றி மட்டும் சண்டை போடுவதில்லை. படம் பிடிக்காது என்று என்னிடம் சொன்னவர்கள்கூட, முடிவில் தொண்டை அடைத்தது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் இருமி இருமி ஒருவனின் மடியில் இறக்கிறாள்; நாம் அழுகிறோம். இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் எந்த இடத்தில் அழுதோம் என்று பார்வையாளர்களைக் கேட்டுப் பார்த்தால் வேறு விஷயங்கள் வெளியே வருகின்றன.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1899ஆம் ஆண்டு, பாரிஸ். காதலைப் பற்றி எழுத வந்த ஏழை ஆங்கிலேய இளைஞன் கிறிஸ்டியன். மூலான் ரூஜ் கேளிக்கை அரங்கின் நட்சத்திரம், விலைக்குக் கிடைக்கும் பெண், சட்டீன். அரங்கின் முதலாளி ஸிட்லர். பணம் போட்டு அரங்கையும் அவளையும் சேர்த்து வாங்க வரும் பிரபு. அவளுக்குக் காசநோய். அவள் இறந்துவிட்டாள் என்பதைப் படம் தொடங்கிய உடனேயே கிறிஸ்டியன் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து நமக்குச் சொல்லிவிடுகிறான். ஆக, அவள் சாவு முதலில் தெரிவது பார்வையாளர்களாகிய நமக்கு. கதைக்குள்ளே முதலில் தெரிவது மருத்துவருக்கு. அவர் அதை நோயாளியிடம் சொல்வதில்லை, ஸிட்லரிடம் சொல்கிறார். ஸிட்லர் அவளிடம் சொல்லக்கூடாது என்று முடிவெடுக்கிறான். அவளைப் பார்த்துக்கொள்ளும் மாரிக்கும் தெரியும். கடைசியாகத் தெரிவது சட்டீனுக்கு. அதுவும் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு காதலனோடு கிளம்ப நிற்கும் வேளையில், அவளை நிறுத்துவதற்கு வேறு எதுவும் பலிக்காதபோது, ஸிட்லர் அதை எடுத்து வைக்கிறான். நீ சாகப் போகிறாய், ஆகவே அவனை வெறுப்பதுபோல் நடித்து அனுப்பிவிடு.

அவள் உடம்பைப் பற்றிய செய்தி அவளைச் சுற்றி எல்லோர் கையிலும் இருக்கிறது. எப்போது அவிழ்க்க வேண்டும் என்பது முதலாளியின் வியாபாரக் கணக்கு. படம் முழுக்க நாம் எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காதலனுக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஸிட்லரின் பக்கத்தில் இருக்கிறோம். அவனைப்போல நமக்கும் தெரியும். அவனைப்போல நாமும் ஆட்டம் நடக்கட்டும் என்று காத்திருக்கிறோம்.

இந்தப் படத்தை முதுகலைத் தமிழ் மாணவிகளுக்கு நாடகமும் திரையும் பற்றிய விருப்பப் பாடத்துக்காகப் போட்டுக் காட்டினேன். ஜன்னல்களில் துப்பட்டாக்களைக் கட்டி இருட்டாக்கி, இரண்டு பிற்பகல்கள். இருபத்திரண்டு பேர். மேற்கத்தியப் பார்வையாளர்கள் இடறிய இடங்கள் எதிலும் இவர்கள் இடறவில்லை. பேசிக்கொண்டிருப்பவன் திடீரென்று பாடுவது இவர்களுக்கு ஒரு கேள்வியே இல்லை. அதே சமயம் மேற்கில் சிரித்த இடங்களில் சிரிக்கவும் இல்லை. 1899ஆம் ஆண்டு மனிதர்கள் எல்டன் ஜான் பாட்டையும் மடோனா பாட்டையும் பாடுவதில் இருக்கும் வேடிக்கை, அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவர்களுக்கு. என் மாணவிகளுக்கு அவை புதுப் பாட்டுகள். தடித்த முதலாளி துணியைப் போர்த்திக்கொண்டு பிரபுவின் முன் கன்னிப்பெண்ணாகக் குழையும்போது மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூலப்பாட்டு தெரியாமலேயே அதன் கேலி புரிந்துவிட்டது.

பிறகு ‘சம்மா சம்மா’ வந்தது. வகுப்பே கூச்சல் போட்டது. இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கு வந்திருந்தபோது நிறைந்த அரங்கில் ஒரு இந்திப் படத்தைப் பார்த்ததும், சிரிப்பிலிருந்து அழுகைக்கும் அழுகையிலிருந்து பாட்டுக்கும் அந்தக் கூட்டம் தயக்கமின்றித் தாவியதும்தான் தன் படத்துக்கு விதை என்று லூர்மன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்துக்குள் அரங்கேறும் நாடகமும் இந்தியாவில் நடக்கிறது: ஒரு கணிகை, ஒரு கொடிய மகாராஜா, ஒரு ஏழை சிதார்க் கலைஞன். 1998இல் வந்த ‘சைனா கேட்’ படத்துக்காக அல்கா யாக்னிக் பாடிய பாட்டு அந்த நாடகத்தில் வந்து சேர்கிறது. நம் கொட்டகையிலிருந்து கடன் வாங்கிய உணர்ச்சி இது. ஆகவே எங்கள் வகுப்பின் கூச்சலைப் படத்துக்கு வெளியே நடந்ததாக நான் எண்ணவில்லை.

இரண்டாம் நாள் முடிவில் எல்லோரும் அழுதிருந்தார்கள். எந்த இடத்தில் அழுகை வந்தது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். கடைசிச் சாவு என்று எழுதியவர்கள் ஆறு பேர்தான். பலரும் குறிப்பிட்டது ஸிட்லர் அவளிடம் உண்மையைச் சொல்லும் காட்சியை. அவள் முதலில் அதையும் ஒரு தந்திரம் என்றே நினைத்து, திரும்பி மாரியின் முகத்தைப் பார்த்து உண்மையென்று தெரிந்துகொள்ளும் கணத்தை. ஒரு மாணவி எழுதியதைப் பற்றிப் பிறகு தனியாக வந்து பேசினாள். “எங்க சித்திக்கு டி.பி. இருந்துச்சும்மா. சித்தப்பா வீட்டுல ஆஸ்பத்திரிச் சீட்ட ஒளிச்சு வெச்சுட்டாங்க. நாத்தனார் கல்யாணம் முடியட்டும்னு. சளிதான்னு சொல்லி எல்லா வேலையும் செய்ய விட்டாங்க. கல்யாணத்துல அவங்கதாம்மா ஆரத்தி எடுத்தது.” அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் ஆறு மாத மாத்திரை. சித்தி பிழைத்துவிட்டாள், பாதி நுரையீரலோடு.

படம் கண்ணீரை ஓரிடத்தில் சேகரிக்க ஏற்பாடு செய்திருக்கிறது. பார்த்த பெண்கள் அதை வேறிடத்தில் கொட்டியிருக்கிறார்கள். பெண்கள் அழும் படம் என்று உதட்டைச் சுழிப்பவர்களும் சரி, ஆணாதிக்கக் கதைக்கு அழுகிற அப்பாவிகள் என்று நம்மில் சிலரே சொல்வதும் சரி, இந்த இடமாற்றத்தைக் கவனிப்பதில்லை.

ரோக்ஸான் டாங்கோவுக்கு வருகிறேன். படத்தின் ரசிகர்கள் பலர் மிகச் சிறந்த காட்சி என்று கொண்டாடுவது இதைத்தான். வயலின்கள், காலடி ஓசை, கரகரத்த ஆண்குரல். கீழே அரங்கில் அர்ஜென்டினாக்காரன் நினி என்ற நடனக்காரியைச் சுழற்றி ஆட, கிறிஸ்டியன் பொறாமையில் வெந்து பாடுகிறான். மேலே கோபுரத்தில், பிரபுவோடு இருக்க அனுப்பப்பட்ட சட்டீன் தன்னால் முடியாது என்று மறுக்க, அவன் அவளைப் பலவந்தப்படுத்துகிறான். படத்தொகுப்பு இரண்டையும் மாற்றி மாற்றிக் கோக்கிறது. எனக்கும் சிலிர்க்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எதன்மேல் சிலிர்க்கிறது? பாட்டின் சொற்கள் அவனுடைய வேதனையைப் பற்றியவை. அவள்மீது நடக்கும் வன்முறை அந்த வேதனைக்குத் தாளமாகிவிடுகிறது. அவள் தரையில் விழும்போது நாம் அவனுக்காகப் பதறுகிறோம். வகுப்பில் இந்தக் காட்சிக்குக் கைதட்டலோ கூச்சலோ இல்லை. ஒருத்தி மட்டும், “பாட்ட நிறுத்திட்டுப் பாத்தா எப்படிம்மா இருக்கும்?” என்றாள். ஒலியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். அப்படிப் பார்க்க முடியவில்லை.

படத்துக்குள்ளேயே பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அறிமுகக் காட்சியில் ஊஞ்சலில் தொங்கிப் பாடும் சட்டீன் மூச்சுத் திணறி மேலிருந்து விழுகிறாள். நீங்கள்தான் அவளைப் பயமுறுத்தி ஓட்டிவிட்டீர்கள் என்று ஸிட்லர் கூட்டத்திடம் சமாளிக்கிறான். கடைசியில் கிறிஸ்டியன் எல்லோர் முன்னிலும் அவளோடு மேடையில் நிற்கிறான். பார்வையாளர்கள் திகைக்கிறார்கள். மகாராஜா வேடத்தில் நிற்கும் ஸிட்லர், இவன்தான் மாறுவேடத்தில் வந்த சிதார்க்காரன் என்று அதையும் நாடகமாக்கிவிடுகிறான். கூட்டம் ஏற்றுக்கொள்கிறது. கிறிஸ்டியன் அவள்மேல் பணத்தை வீசி, கணக்குத் தீர்ந்தது என்கிறான். ஒரு பெண்ணைப் பொதுவில் அவமானப்படுத்துவதைக் கதையின் திருப்பமாக மாற்ற முதலாளிக்கு ஒரு வசனம் போதும். அவள் அவனை மன்னித்துப் பாட, அரங்கம் எழுந்து கைதட்ட, திரை விழுகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் அவள் சாகிறாள். அப்பால் கைதட்டல் இன்னும் கேட்கிறது. லூர்மன் இந்த இடத்தில் மிகவும் கூர்மையானவர். நாம்தான் திரைக்கு இந்தப் பக்கம் இருப்பதாக நினைத்து ஆறுதலடைகிறோம்.

காசநோய்க்காரியின் அழகிய சாவு பழைய சரக்கு. பாரிஸின் மாரி துப்ளெஸி 1847இல் இருபத்து மூன்று வயதில் இந்நோயால் இறந்தாள். அடுத்த ஆண்டே அவளுடைய காதலர்களில் ஒருவரான இளைய டூமா அவளை நாவலாக்கினார். அதிலிருந்து வெர்டியின் ‘லா த்ராவியாத்தா’ 1853இல் வெனிஸில் அரங்கேறியது. முதல் இரவு தோல்வி என்று வெர்டியே கடிதம் எழுதினார். முதன்மைப் பாடகி முப்பத்தெட்டு வயதுக்காரர், பருத்த உடல். அவர் எலும்புருக்கி நோயில் மெலிந்து சாகிறார் என்பதைக் கண்டு அரங்கம் கேலி செய்ததாக வரலாறு. குரலில் குறையில்லை. இரக்கத்துக்கும் இடுப்பளவு உண்டு என்பதை அந்த அரங்கு சொல்லிவிட்டது. ‘மூலான் ரூஜ்’ எடுக்கப்பட்டபோது நிக்கோல் கிட்மனின் விலா எலும்பு முறிந்தது. குணமாகி வந்தபின், இறுக்கமான மார்க்கச்சைக்குள் உடலை நுழைக்கும்போது மறுபடி முறிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நாம் அழுவதற்குத் தகுதியான உடல் ஒன்றைத் தயாரிக்க அவ்வளவு வேலை இருக்கிறது. காசநோயை அழகின் நோயாகக் கற்பனை செய்த கதையை சூசன் சொன்டாக் 1978இலேயே விரிவாக எழுதிவிட்டார். ரத்தச்சளியின் நாற்றம் தெரிந்த நாட்டில் இருந்துகொண்டு நாம் அதை வாசிக்கிறோம்.

உண்மையான மூலான் ரூஜ் பாரிஸில் 1889இல் திறக்கப்பட்டது. சட்டீனின் அறை இருக்கும் அந்த யானைகூடக் கற்பனையில்லை, தோட்டத்தில் அப்படி ஒன்று நின்றது. அங்கே ஆடிய பெண்கள் என்ன ஆனார்கள்? லா கூலூ என்று பெயர்பெற்ற லூயிஸ் வெபர் 1895இல் அங்கிருந்து விலகிச் சந்தைகளில் கூடாரம் போட்டு ஆடினாள். உடல் பருத்து, வறுமைப்பட்டு, 1929இல் அறுபது தாண்டி இறந்தாள். ஜேன் அவ்ரில் 1943வரை வாழ்ந்தாள். அவர்களை ஓவியமாக்கிய துலூஸ்-லோத்ரெக்தான் 1901இல் முப்பத்தாறு வயதில், குடியிலும் நோயிலும் அழிந்து போனார். படத்திலோ லோத்ரெக் பிழைத்திருக்கிறார், எழுத்தாளன் பிழைத்திருக்கிறான், ஆடியவள் செத்துப்போகிறாள். முதுமையடைந்து கடன்பட்டு மூச்சிரைக்கும் நடனக்காரியைப் பார்த்து அழ நம்மை யாரும் பழக்கவில்லை.

லூர்மனின் கற்பனை இந்தியாவில் ஒரு கணிகை இருப்பதால், எங்கள் வகுப்பில் மாதவி வராமல் இருக்க முடியவில்லை. அரங்கேறிய அன்று மாதவி பெற்ற மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு விலை. அதைக் கொடுத்துத்தான் கோவலன் அவளை அடைகிறான். அங்கேயும் முதலில் பணம். கானல்வரியில் கோவலன் பாட, அவன் மனத்தில் வேறொருத்தி என்று அவள் ஊடி, தானும் அப்படியொரு குறிப்புத் தோன்றப் பாடுகிறாள். அவன் தன் பாட்டைக் கலையாகவும் அவள் பாட்டை ஒப்புதல் வாக்குமூலமாகவும் எடுத்துக்கொண்டு எழுந்து போகிறான். ஆண் பார்வையாளனின் எதிர்வினை என்று பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பு வைத்தால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். ஆனால் இளங்கோ மாதவியின் கையில் எழுதுகோல் கொடுத்திருக்கிறார். தாழை மடலில் பித்திகை மொட்டால் ஒரு கடிதம். அவன் வாங்க மறுக்கிறான். காட்டு வழியில் இரண்டாவது கடிதம் போய்ச் சேர்கிறது. அதைப் படித்துத் தவறு தன்னுடையது என்று அவன் உணர்கிறான். அவன் இறந்த பிறகும் அவள் இருக்கிறாள், துறவியாக, மணிமேகலையின் தாயாக. சட்டீனோ சாகும்போது நம் கதையை நீ எழுது என்று கேட்டுக்கொள்கிறாள். தட்டச்சு இயந்திரம் அவனுடையது.

அகமதிப்பீட்டுக்காகச் சட்டீன் எழுதியிருக்கக்கூடிய ஒரு கடிதத்தை எழுதி வரச் சொன்னேன். பெரும்பாலோர் கிறிஸ்டியனுக்கு எழுதியிருந்தார்கள், நல்ல காதல் கடிதங்கள். சித்தியைப் பற்றிப் பேசிய மாணவியின் கடிதம் ஸிட்லருக்கு. ஒன்றரைப் பக்கம். டாக்டர் உங்களிடம் எந்தத் தேதியில் சொன்னார், அதன் பிறகு எத்தனை இரவு என்னை ஆடவிட்டீர்கள், டிக்கெட் என்ன விலை என்று வரிசையாகக் கேள்விகள் மட்டும். பதினைந்துக்குப் பதின்மூன்று போட்டேன். இரண்டு மதிப்பெண் சந்திப்பிழைக்குப் போனது.